ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கணக்கு தேவையில்லை: கட்டமைப்பு மறுபகுப்பாய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கட்டமைப்பின் எடையைக் குறைக்க உகப்பாக்க நிரல் எழுதிய எவரும் இந்த நிலையைக் கண்டிருப்பார்கள். ஒரு வடிவமைப்பைப் பகுப்பாய்வு செய்யச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் உகப்பாக்க நிரல் அதே கட்டமைப்பைச் சிறு சிறு மாற்றங்களோடு நூற்றுக்கணக்கான முறை கேட்கும், நிமிடங்கள் நாட்களாகிவிடும். ஓர் உறுப்பின் குறுக்குப் பரப்பு 5 சதவீதம் மாறியதற்காக விறைப்பு அணி முழுவதையும் மீண்டும் காரணிப்படுத்துவது, அதாவது தீர்க்க எளிதான முக்கோண அணிகளாகப் பிரிப்பது, வீண் வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய கணக்கைப் பயன்படுத்தி அதைத் தவிர்க்கும் மறுபகுப்பாய்வு முறைகளும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இருந்தும், அவற்றை முதன்முறையாக நிரலில் சேர்த்தபோது எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முடிவுறு கூறு முறையின் அடிப்படையும், விறைப்பு அணியை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் சுமை கிடைக்கும் என்ற சமன்பாடும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. நேரம் எங்கே போகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள்

ஒரு சுற்றின் நேரத்தை ஐந்தாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கூறு அணிகளைக் கணித்து ஒன்றுசேர்த்தல், காரணிப்படுத்தல், முன்னோக்கியும் பின்னோக்கியும் பதிலிட்டுத் தீர்த்தல், தகைவுகளைக் கணித்தல், கோப்புகளைப் படித்து எழுதுதல். மறுபகுப்பாய்வு முறைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் குறைக்கின்றன. காரணிப்படுத்தல் மொத்த நேரத்தில் 40 சதவீதம் என்றால், அதை முற்றிலும் நீக்கினாலும் நிரலின் வேகம் ஏறக்குறைய 1.67 மடங்குக்கு மேல் உயராது. நேரம் கோப்புகளில் போகிறதென்றால் அதைச் சரிசெய்யுங்கள். இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

காரணிப்படுத்தல்தான் சுமை என்று உறுதியானால், எந்தத் தோராயமும் இல்லாத ஒரு சேமிப்பை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் அளவு மட்டும் மாறும்போது அணியில் பூச்சியமல்லாத இடங்கள் மாறுவதில்லை. ஆகவே வரிசை மாற்றத்தையும் (சமன்பாடுகளை மறுவரிசைப்படுத்துவது) குறியீட்டுக் காரணிப்படுத்தலையும் (காரணியில் பூச்சியமல்லாத இடங்களைக் கண்டறிவது) ஒரே முறை செய்து வைத்துக்கொண்டு, எண் காரணிப்படுத்தலை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் செய்யலாம். இன்றைய ஸ்பார்ஸ் சால்வர்கள் (பூச்சியங்கள் மிகுந்த அணிகளைத் தீர்க்கும் நிரல்கள்) பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனியாக அழைக்க விடுகின்றன. பலர் இரண்டையும் ஒன்றாக அழைத்துவிட்டு, சால்வர் மெதுவாக இருக்கிறது என்று குறைப்படுகிறார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவற்றைச் சேமியுங்கள்

மூல வடிவமைப்புக்கு ஒரு முழுப் பகுப்பாய்வு செய்யுங்கள். அதிலிருந்து இவற்றைப் பத்திரப்படுத்துங்கள்: சோலெஸ்கி காரணி (காரணிப்படுத்தலில் கிடைக்கும் முக்கோண அணி), அந்தக் காரணி உருவானபோது பயன்பட்ட வரிசை மாற்றம், கட்டின்மைப் படிகளின் (கணுக்கள் நகரவோ சுழலவோ கூடிய தனித்தனித் திசைகள்) எண் அட்டவணை, ஒவ்வொரு சுமை நிலைக்குமான சுமை வெக்டரும் இடப்பெயர்ச்சி வெக்டரும், மூல வடிவமைப்பின் மாறிகள். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுவது எளிது. எந்த வடிவமைப்பிலிருந்து மாற்றத்தை அளக்கிறோம் என்பது தெரியாவிட்டால், சேமித்த காரணி எதற்கும் உதவாது.

நேர்மாறு அணியை ஒருபோதும் சேமிக்காதீர்கள். 10,000 கட்டின்மைப் படிகளும் 300 அரைப்பட்டை அகலமும் (மூலைவிட்டத்திலிருந்து பூச்சியமல்லாத எண்கள் பரவும் தூரம்) கொண்ட ஓர் அணியின் காரணி ஏறக்குறைய 24 மெகாபைட்டில் அடங்கும். அதன் நேர்மாறு அணி நிறைந்த அணியாக இருப்பதால் 800 மெகாபைட் கேட்கும்.

வரிசை மாற்றத்தைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் நிரலில் வரிசைப்படுத்தும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் ஓடி, பழைய வரிசையின் மேல் புதியதை எழுதிக்கொண்டிருந்தது. காரணி பழையதாகவும் வரிசை புதியதாகவும் இருந்தன. விடை அபத்தமாக வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். ஆனால் கீழே விளக்கப்போகும் முறையில் முதல் அடிப்படை வெக்டர் பழைய இடப்பெயர்ச்சிதான்; மற்ற வெக்டர்கள் குப்பையாக இருந்தாலும், அந்த ஒன்றைக் கொண்டே முறை நம்பும்படியான ஒரு விடையைத் தந்துவிடும். ஏறக்குறைய இரண்டு வாரங்கள் தவறான எண்களை வைத்து உறுப்புகளை மெலிதாக்கிக்கொண்டிருந்தேன். இறுதி வடிவத்தை முழுப் பகுப்பாய்வில் போட்டபோதுதான், அனுமதித்த தகைவைப் பல உறுப்புகள் மீறியிருப்பது தெரிந்தது.

இதைத் தடுக்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏதேனும் ஒரு தற்போக்கு வெக்டரை மூல விறைப்பு அணியால் பெருக்கி, கிடைத்ததைச் சேமித்த காரணியால் தீர்த்துப் பாருங்கள். அதே வெக்டர் திரும்பி வர வேண்டும். காரணியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை தானாக ஓடும்படி எழுதிவிடுங்கள்.

3. மாற்றம் எந்த வகை என்று பாருங்கள்

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எத்தனை உறுப்புகள் மாறுகின்றன, எவ்வளவு மாறுகின்றன, கட்டின்மைப் படிகளின் எண்ணிக்கை மாறுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வியில் ஏமாறாதீர்கள். வடிவமைப்பு மாறியின் மாற்றமும் விறைப்பின் மாற்றமும் ஒன்றல்ல. ஒரு தகட்டின் தடிமனை 25 சதவீதம் கூட்டினால் தளத்துக்குள்ளான விறைப்பு 25 சதவீதம்தான் கூடும். வளைவு விறைப்போ தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய 1.95 மடங்காகிவிடும். பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதையே தேடும் டோபாலஜி உகப்பாக்கத்தில், விறைப்பை அடர்த்தியின் அடுக்காகக் கொள்ளும் சிம்ப் முறையை வழக்கமான மும்மடித் தண்டத்தோடு பயன்படுத்தினால், ஒரு கூறின் அடர்த்தி 0.1 இலிருந்து 0.2 ஆவது விறைப்பை 8 மடங்காக்குகிறது. மாறியின் மாற்றம் சிறியது என்று நினைத்துக்கொண்டு தோராய முறையைக் கண்மூடிப் பயன்படுத்துவோர் விழும் முதல் பள்ளம் இதுதான்.

கட்டின்மைப் படிகள் கூடினாலோ தாங்கிகள் மாறினாலோ, பழைய அணியின் அளவும் புதியதன் அளவும் பொருந்தா. புதிய படிகளுக்கான கிடை வரிசைகளையும் நெடு வரிசைகளையும் பழைய அணியோடு சேர்த்து விரிவாக்கி, அந்த விரிந்த அணியையே மூலமாகக் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் இதில் இறங்க வேண்டாம். புதிய கணு சேரும் சுற்றில் முழுப் பகுப்பாய்வே செய்துவிடுங்கள்.

4. சில உறுப்புகள் மட்டும் மாறினால்: துல்லியமான முறை

டிரஸ்ஸில் ஒரு கம்பியின் பரப்பு மாறினால், விறைப்பு அணியில் ஏற்படும் மாற்றத்தின் தரம் (ஒன்றையொன்று சாராத கிடை வரிசைகளின் எண்ணிக்கை) 1 மட்டுமே. தளச் சட்டகத்தில் ஓர் உறுப்புக்கு 3, முப்பரிமாணச் சட்டகத்தில் 6. மாற்றத்தின் தரம் சிறியதாக இருந்தால், ஷெர்மன்–மாரிசன் சூத்திரமும் அதன் பொது வடிவமான உட்பரி சூத்திரமும் எந்தத் தோராயமும் இல்லாமல் புதிய இடப்பெயர்ச்சியைத் தருகின்றன. தரம் எத்தனையோ, பழைய காரணியால் அத்தனை தீர்வுகளும், அதே அளவுள்ள ஒரு சிறிய நிறைந்த அணியின் தீர்வும்தான் செலவு.

இதற்கு எல்லை எங்கே என்று மேலே சொன்ன அணியிலேயே பார்ப்போம். பட்டை அணியைக் காரணிப்படுத்த, படிகளின் எண்ணிக்கையை அரைப்பட்டை அகலத்தின் இருமடியால் பெருக்கினால் வரும் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 90 கோடி எண் செயல்கள் வேண்டும். ஒரு தீர்வுக்கு வேண்டியவை 1 கோடியே 20 லட்சம். விகிதம் 75. முப்பரிமாணச் சட்டகத்தில் 12 உறுப்புகள் மாறினாலே 72 தீர்வுகள் ஆகிவிடும். அதோடு ஆதாயம் முடிந்தது. கடிகாரத்தில் அந்த 75 கூட முழுமையாகக் கிடைக்காது, ஏனெனில் ஒவ்வொரு தீர்வும் காரணி முழுவதையும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும்; காரணிப்படுத்தலைப் போல அதே தரவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வாய்ப்பு அதற்கு இல்லை. உங்கள் கணினியில் அந்த விகிதத்தை நேரடியாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் எல்லா முடிவுகளுக்கும் அந்த ஓர் எண்தான் அடிப்படை.

ஓர் உறுப்பை நீக்கும்போது கவனம் தேவை. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் கம்பித் திசையில் எதிரெதிராக அலகு விசை கொடுத்தால் முனைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பழைய காரணியால் கணித்து, அதைக் கம்பியின் விறைப்பால் பெருக்குங்கள். வரும் எண் பூச்சியத்துக்கும் 1 க்கும் இடையில் இருக்கும். 1 இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் சூத்திரத்தின் வகுக்கும் எண். அது பூச்சியமானால், அந்தக் கம்பியை எடுத்தவுடன் கட்டமைப்பு நகரும் பொறியாகிவிடும். நிலையியல் நிர்ணயமுள்ள (சமநிலைச் சமன்பாடுகளாலேயே எல்லா விசைகளும் கிடைக்கும்) டிரஸ்ஸில் எல்லாக் கம்பிகளுக்கும் அது பூச்சியமே. எல்லாக் கம்பிகளுக்கும் அந்த வகுக்கும் எண்ணைக் கூட்டினால் கட்டமைப்பின் நிர்ணயமின்மை எண் (நிர்ணயத்துக்கு மேல் கூடுதலாக உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கை) வர வேண்டும் என்பது உங்கள் நிரலுக்கு ஓர் அருமையான சோதனை.

5. பல உறுப்புகள் மாறினால்: குறைத்த அடிப்படை முறை

உகப்பாக்கத்தில் வழக்கமாக எல்லா உறுப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அப்போது உதவுவது யூரி கிர்ஷ் உருவாக்கிய கூட்டுத் தோராய முறை. முதல் அடிப்படை வெக்டர் பழைய இடப்பெயர்ச்சி. அதை விறைப்பின் மாற்றத்தால் பெருக்கி, பழைய காரணியால் தீர்த்தால் இரண்டாவது வெக்டர். அதையே மீண்டும் செய்தால் மூன்றாவது. இப்படி மூன்று முதல் ஆறு வெக்டர்கள் போதும். பிறகு புதிய விறைப்பு அணியை இந்த வெக்டர்களின் வெளிக்குச் சுருக்கி, மூன்றுக்கு மூன்று அல்லது ஆறுக்கு ஆறு அளவிலான ஒரு சிறிய சமன்பாட்டைத் தீர்த்து, ஒவ்வொரு வெக்டரிலும் எவ்வளவு எடுப்பது என்று கண்டறிகிறோம்.

இந்தக் கடைசிப் படிதான் முறையின் உயிர். கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்; தயவுசெய்து தாளில் போட்டுப் பாருங்கள். சுவரோடு பிணைந்த ஒரு சுருள்வில், அதன் முனையில் இன்னொரு சுருள்வில், இரண்டின் விறைப்பும் மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன், கடைசி முனையில் 100 நியூட்டன் இழுவிசை. முதல் கணு 0.1 மி.மீ., இரண்டாவது கணு 0.2 மி.மீ. நகரும். இப்போது முதல் சுருள்வில்லின் விறைப்பை 2500 ஆக்குங்கள். சரியான விடை 0.04, 0.14.

அடிப்படை வெக்டர்களைக் கணிப்போம். விறைப்பின் மாற்றம் 1500. அது முதல் கணுவில் மட்டும். 1500 ஐ 0.1 ஆல் பெருக்கினால் 150 நியூட்டன். அந்த விசையை முதல் கணுவில் கொடுத்துப் பழைய கட்டமைப்பைத் தீர்த்தால் இரு கணுக்களும் 0.15 மி.மீ. நகரும். ஈருறுப்புத் தொடர் முறைப்படி இந்த 0.15 ஐ அப்படியே கழித்தால் −0.05, 0.05 என்று வரும். இழுத்த பக்கத்துக்கு எதிராக முதல் கணு நகர்வதாகச் சொல்லும். அடுத்த உறுப்பைக் கூட்டினால் 0.175, 0.275. தொடர் விரிந்துகொண்டே போகிறது, ஏனெனில் ஒவ்வொரு படியிலும் திருத்தம் 1.5 மடங்காகிறது.

அதே இரண்டு வெக்டர்களைக் குறைத்த அடிப்படையில் போடுங்கள். முதல் வெக்டரின் குணகம் 1 என்றும் இரண்டாவதன் குணகம் −0.4 என்றும் வரும். 0.1 இலிருந்து 0.06 போக 0.04, 0.2 இலிருந்து 0.06 போக 0.14. மிகச் சரியான விடை. தொடர் முறை −1 என்று பிடிவாதமாக வைத்த குணகத்தை, சமநிலையே −0.4 என்று தீர்மானித்துவிட்டது. இங்கே மாற்றத்தின் தரம் 1 என்பதால் இரண்டு வெக்டர்களிலேயே துல்லியம் கிடைத்தது. பெரிய கட்டமைப்பில் தோராயம்தான் கிடைக்கும். ஆனாலும் வெக்டர்கள் நல்லவையாக இருக்க, அவற்றைக் கூட்டும் விதத்தால் மட்டுமே தொடர் கெட்டுப்போனது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நடைமுறையில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அடுத்தடுத்த வெக்டர்கள் ஒரே திசையை நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். நான்காவது, ஐந்தாவது வெக்டரிலேயே சுருக்கிய அணி பூச்சியக்கோவை அணிக்கு (தீர்க்க முடியாத அணிக்கு) அருகில் போய்விடும். ஒவ்வொரு புதிய வெக்டரையும் முந்தையவற்றுக்குச் செங்குத்தாக்கிய பிறகே சேருங்கள். கணித நோக்கில் இந்த முறையும், பழைய காரணியை முன்சீராக்கியாக (விரைவில் ஒருங்கச் செய்யும் துணையாக) கொண்ட, விடையைப் படிப்படியாக நெருங்கும் கான்ஜுகேட் கிரேடியண்ட் முறையும் சமம். ஆகவே நம்பகமான கான்ஜுகேட் கிரேடியண்ட் நிரல் கையில் இருந்தால், பழைய இடப்பெயர்ச்சியைத் தொடக்க விடையாகக் கொடுத்து அதையே பயன்படுத்துங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை அதுதான்.

இரண்டாவது, ஒவ்வொரு சுமை நிலைக்கும் தனி அடிப்படை வெக்டர்கள் வேண்டும். 20 சுமை நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 கூடுதல் தீர்வுகள் என்றால் 80 தீர்வுகள். விகிதம் 75 உள்ள கட்டமைப்பில் புதிய காரணிப்படுத்தலும் 20 தீர்வுகளும் சேர்ந்தே 95 தீர்வுகளின் செலவுதான். சுருக்கும் வேலையையும் சேர்த்தால் சேமிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும்.

6. பிழையை அளக்காமல் விடையை ஏற்காதீர்கள்

தோராய இடப்பெயர்ச்சியைப் புதிய விறைப்பு அணியால் பெருக்கிச் சுமையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது மீதி விசை. இதைக் கணிக்க ஓர் அணிப் பெருக்கல்தான் ஆகிறது. என் இரண்டு வாரங்களை இந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கும்.

மீதி விசையின் அளவை நேரடியாகச் சுமையோடு ஒப்பிடுவது தொடக்கத்துக்குப் போதும். ஆனால் சட்டகங்களில் விசையும் திருப்புத்திறனும் ஒரே வெக்டரில் கலந்திருப்பதால், அந்த எண் நீங்கள் தேர்ந்தெடுத்த அலகைப் பொறுத்து மாறும். மீதி விசையைப் பழைய காரணியால் தீர்த்து, கிடைத்த இடப்பெயர்ச்சியோடு அதே மீதி விசையைப் பெருக்கி ஆற்றலாக அளப்பது சிறந்தது. இதற்கு ஒரு கூடுதல் தீர்வு ஆகும். அது வீணாகாது, பிழை அதிகமென்றால் அதே தீர்வை அடுத்த அடிப்படை வெக்டராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிழையின் திசையையும் மனத்தில் வையுங்கள். குறைத்த அடிப்படையில் கிடைக்கும் விடையில், சுமை செய்யும் வேலை உண்மையைவிட ஒருபோதும் கூடாது. கட்டமைப்பு உள்ளதைவிட விறைப்பானதாகவே தோன்றும். அது பாதுகாப்பற்ற திசை. தனிப்பட்ட கணுவின் இடப்பெயர்ச்சிக்கும் தகைவுக்கும் இப்படி ஒரு பக்க எல்லைகூடக் கிடையாது. ஆகவே தகைவு வரம்பை ஒட்டி நிற்கும் வடிவமைப்புகளில் ஆற்றல் பிழையின் அளவுகோலை இன்னும் இறுக்கமாக வையுங்கள்.

7. எப்போது புதிதாகக் காரணிப்படுத்துவது

நான் பின்பற்றும் வழக்கம் இது: ஆற்றல் பிழை, மொத்த ஆற்றலோடு ஒப்பிட்ட அளவில், வரம்புக்கு மேல் இருந்தால் வெக்டரைக் கூட்டுகிறேன், ஆறு வெக்டர்களிலும் அடங்காவிட்டால் காரணியை மாற்றுகிறேன். இத்தனை சுற்றுக்கு ஒரு முறை என்று நாள் குறிக்க வேண்டாம். உகப்பாக்கத்தின் தொடக்கத்தில் வடிவம் வேகமாக மாறும், காரணி சில சுற்றுகளே தாங்கும். முடிவை நெருங்கும்போது ஒரே காரணி நெடுந்தூரம் வரும்.

கோட்டுத் தேடலின் (ஒரே திசையில் எவ்வளவு தூரம் போவது என்று தேடுவதன்) நடுவில் மட்டும் காரணியை மாற்றாதீர்கள். மாற்றிய இடத்தில் பிழையின் அளவு திடீரென மாறுவதால் இலக்குச் சார்பில் ஒரு சிறிய படிக்கட்டு உருவாகும். தேடல் அந்தப் படியை உண்மையான ஏற்றம் என்று நம்பிப் படியளவைக் குறைத்துக்கொண்டே போகும். ஏற்றுக்கொண்ட வடிவமைப்பில்தான் புதிய காரணி பிறக்க வேண்டும்.

8. உணர்திறனைத் தனியாகச் சரிபாருங்கள்

உணர்திறன் என்பது ஒரு மாறியைச் சிறிது மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்ற அளவு. தோராய இடப்பெயர்ச்சியிலிருந்து வேறுபாட்டு முறையில் (இரண்டு விடைகளைக் கழித்து) அதை எடுக்கவே வேண்டாம். இரண்டு தோராயங்களின் வித்தியாசத்தில் பிழைதான் மேலோங்கும். அதே விறைப்பு அணியை ஒரு துணைச் சுமைக்குத் தீர்த்து உணர்திறனைப் பெறும் துணைச் சமன்பாட்டு முறையைப் பயன்படுத்துங்கள். சுமை செய்யும் வேலையை இலக்காகக் கொண்டால் துணைத் தீர்வு இடப்பெயர்ச்சியே என்பதால் கூடுதல் செலவில்லை. தகைவோ குறிப்பிட்ட கணுவின் நகர்வோ வரம்பாக இருந்தால், ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு துணைச் சுமை உண்டு. அதற்கும் தனி அடிப்படை வெக்டர்கள் வேண்டும். இடப்பெயர்ச்சிக்காகக் கட்டிய வெக்டர்களையே துணைத் தீர்வுக்கும் பயன்படுத்துவது பலர் செய்யும் தவறு.

9. அதிர்வெண்கள் வேண்டுமென்றால்

பழைய அதிர்வு வடிவத்திலிருந்து தொடங்கி இதே போல அடிப்படை வெக்டர்களைக் கட்டி, அதிர்வெண்களையும் வடிவங்களையும் தரும் ஐகன் சிக்கலைச் சுருக்கிய அளவில் தீர்க்கலாம். மேல்நிலை வடிவங்களைக் கணிக்கும்போது கீழ்நிலை வடிவங்களுக்குச் செங்குத்தாக்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாம் முதல் வடிவத்தை நோக்கி வழுக்கிவிடும். இரண்டு அதிர்வெண்கள் நெருங்கும் இடத்தில் வடிவங்கள் இடம் மாறிக்கொள்ளும். எண் வரிசையை நம்பாமல், பழைய வடிவத்தோடு புதியது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணித்துப் பெயர் சூட்டுங்கள்.

10. ஓட்டத்தைப் பதிவு செய்து, முடிவை முழுக்கணக்கில் போடுங்கள்

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: சுற்று எண், பயன்பட்ட காரணி எந்தச் சுற்றில் பிறந்தது, வெக்டர்களின் எண்ணிக்கை, ஆற்றல் பிழை, கடிகார நேரம். நிரலை முதன்முறை ஓட்டுவதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளையும் முடித்துவிடுங்கள். மாற்றமே இல்லாதபோது பழைய விடை அப்படியே வர வேண்டும். எல்லா விறைப்பையும் இரட்டிப்பாக்கினால், ஒரே வெக்டரில் இடப்பெயர்ச்சி மிகச் சரியாகப் பாதியாக வேண்டும்.

உகப்பாக்கம் முடிந்ததும் கிடைத்த வடிவமைப்பைப் புதிய காரணியோடு, எல்லாச் சுமை நிலைகளுக்கும், முழுமையாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். அதில் ஏதேனும் ஒரு வரம்பு மீறியிருந்தால் உறுப்பைக் கையால் தடித்துச் சரிக்கட்ட வேண்டாம். அந்த வடிவமைப்பையே தொடக்கமாகக் கொண்டு, முழுப் பகுப்பாய்வை மட்டும் பயன்படுத்தி இன்னும் இரண்டு மூன்று சுற்றுகள் ஓட்டுங்கள். தோராயம் நல்ல நிலையில் இருந்திருந்தால், அந்தச் சில சுற்றுகளிலேயே வரம்புகள் மீண்டும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பதிவேட்டைத் திறந்து, ஆற்றல் பிழை முதன்முதலில் உயரத் தொடங்கிய சுற்று எது என்று பாருங்கள். அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள்.